ஒரே சட்டம், ஊருக்கு ஒரு தீர்ப்பு

நியூரான்டின் வலிப்பு நோய்க்கான மாத்திரை. அமெரிக்காவில் 1993-ல் அதற்கு அனுமதி கிடைத்ததும் வலிப்புக்குத்தான். விற்றவர்களுக்கு அந்தச் சந்தை போதவில்லை. ஒற்றைத் தலைவலிக்கும் கேட்கும், இருமுனை மனநோய்க்கும் கேட்கும் என்று மருத்துவர்களிடம் பரப்பினார்கள். அனுமதி இல்லாத நோய்க்கு ஒரு மாத்திரையை மருத்துவர் தன் பொறுப்பில் எழுதித் தரலாம். கம்பெனி அப்படிச் சொல்லி விற்கக் கூடாது. வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் 2004-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுக்கு 43 கோடி டாலர் கட்டியது. அதற்குள் அந்த நிறுவனம் ஃபைசரின் கைக்குப் போயிருந்தது.

அபராதம் அரசுக்குப் போனது சரி. பலன் இல்லாத மாத்திரைக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்தவர்கள் யாரிடம் கேட்பது? கைசர் என்ற பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பு, மாஃபியா கும்பல்களை ஒடுக்க எழுதப்பட்ட ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தது. அதன் பெயர் ரிகோ. 2010-ல் பாஸ்டன் ஜூரி நஷ்டத்தை 4.7 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அந்தச் சட்டத்தில் ஜூரி சொல்லும் தொகை தானாகவே மும்மடங்காகிவிடும், கைசருக்கு 14.2 கோடி டாலர். 2013-ல் பாஸ்டனில் உள்ள முதலாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இப்போது சிகாகோவுக்கு வருவோம். டெபகோட் என்பதும் வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துதான். முதியோர் இல்லங்களில் மறதி நோயால் பதற்றப்படும் வயதானவர்களை அமைதிப்படுத்த அதைத் தரலாம் என்று அபாட் நிறுவனம் சந்தைப்படுத்தியது. அந்த உபயோகத்துக்கு அனுமதி கிடையாது. 2012-ல் அபாட்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 150 கோடி டாலர் கட்டியது. தொழிலாளர் நல நிதிகள் இரண்டு, தங்கள் உறுப்பினர்களின் மருந்துச் செலவை ஏற்றவை, அதே ரிகோ சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டன. 2017-ல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கு விசாரணைக்கே தகுதியற்றது என்று சொல்லி அனுப்பிவிட்டது. கம்பெனியின் பொய்க்கும் நிதியின் நஷ்டத்துக்கும் நடுவே மருத்துவர் இருக்கிறார், நோயாளி இருக்கிறார். இத்தனை கை மாறி வரும் நஷ்டத்தை இந்தச் சட்டம் ஈடுகட்டாது என்பது நீதிபதி ஈஸ்டர்புரூக்கின் வாதம்.

பாஸ்டனிலும் மருத்துவர் நடுவில் இருந்தார். அங்கே ஹார்வர்டு பொருளியலாளர் ஒருவர், விளம்பரச் செலவு ஏற ஏற மருந்துச் சீட்டுகள் எப்படி ஏறின என்பதைப் புள்ளிவிவரத்தால் காட்டினார். மருத்துவரை நம்பவைப்பதே மோசடியின் நோக்கம் என்னும்போது அவர் நடுவில் இருப்பதைக் காட்டி மோசடி செய்தவர் தப்ப முடியாது என்றது நீதிமன்றம். பிலடெல்ஃபியாவின் மூன்றாம் வட்டாரமும் (2015), சான்ஃபிரான்சிஸ்கோவின் ஒன்பதாம் வட்டாரமும் (2019) ஏறக்குறைய பாஸ்டன் பக்கம். நியூயார்க்கின் இரண்டாம் வட்டாரம் 2010-லேயே சிகாகோவின் போக்கில் பேசிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்; திறக்கவில்லை. நம் ஊரில் இரண்டு உயர் நீதிமன்றங்கள் முரண்பட்டால் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைக்கும் என்று காத்திருப்பதுபோல அங்கேயும் காத்திருக்கிறார்கள். ஆனால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் முழுமையாக விசாரித்துத் தீர்ப்பு எழுதும் வழக்குகள் ஆண்டுக்கு அறுபது, எழுபதைத் தாண்டுவதில்லை. மற்றவர்களுக்கு அந்தந்த வட்டாரம் சொல்வதே வேதம்.

இந்த நிலைக்குக் காரணம் சட்டத்தில் உள்ள ஓட்டை என்று பலர் எழுதுகிறார்கள். என் பார்வை வேறு. மேல்முறையீட்டு நீதிபதிகள் பலருக்கு இந்தச் சட்டத்தைப் பிடிக்கவில்லை. பிடிக்காததால் நாற்பது ஆண்டுகளாக அதைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வேலியை உச்ச நீதிமன்றம் பிடுங்கினால் அடுத்த வேலி முளைக்கிறது.

1970 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் இது. செனட்டர் மெக்கிளெல்லனின் குழுவில் இருந்த ராபர்ட் பிளேக்கி என்ற சட்ட அறிஞர் வரைந்தது. சூதாட்டம், கந்துவட்டி, மிரட்டிப் பணம் பறித்தல் என்று தனித்தனியாக வழக்குப் போட்டு அடியாட்களை உள்ளே தள்ளினால் தலைவன் வெளியே இருக்கிறான். எனவே குற்றங்களின் தொடர்ச்சியையும் அவற்றை நடத்தும் அமைப்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதே அடிப்படை. சட்டம் பட்டியலிட்டுள்ள குற்றங்களில் குறைந்தது இரண்டு, பத்தாண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். அவை ஒரு அமைப்பின் வழியாக, ஒரு தொடர் செயல்பாடாக நடந்திருக்க வேண்டும். இது குற்றவியல் பகுதி. பிரதிநிதிகள் சபையில் மசோதா கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் யோசனைப்படி ஒரு வரி சேர்ந்தது: இந்தக் குற்றத்தின் காரணமாகத் தொழிலிலோ சொத்திலோ நஷ்டப்பட்ட எவரும் சிவில் வழக்குப் போடலாம், மும்மடங்கு இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் பெறலாம். ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து எடுத்து ஒட்டிய வரி. அதைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை.

பத்தாண்டு அந்த வரி தூங்கியது. பிறகு வழக்கறிஞர்கள் கண்ணில் பட்டது. குற்றப் பட்டியலில் கொலை, லஞ்சத்தோடு அஞ்சல் மோசடியும் தொலைத்தொடர்பு மோசடியும் இருந்தன. அந்த நாட்டில் எந்த மோசடி கடிதமும் தொலைபேசியும் இல்லாமல் நடக்கிறது? கூட்டு வணிகத்தில் ஏமாந்தவர் ரிகோ போட்டார், பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர் ரிகோ போட்டார்.

முதல் வேலியை நியூயார்க்கின் இரண்டாம் வட்டாரம் போட்டது. செடிமா என்ற பெல்ஜிய நிறுவனம், தன் கூட்டாளியான இம்ரெக்ஸ் மின்னணுப் பாகங்களுக்குப் பொய்யாக விலையேற்றி பில் போட்டது என்று வழக்குத் தொடுத்தது. பிரதிவாதி முன்பே குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்தால்தான் சிவில் வழக்கு நிற்கும். அதோடு சாதாரண மோசடி நஷ்டம் போதாது, கும்பல் குற்றத்துக்கே உரிய தனி நஷ்டம் வேண்டும் என்றது அந்த நீதிமன்றம். இரண்டுமே சட்டத்தில் எங்கும் இல்லாதவை. 1985-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இரண்டையும் நீக்கியது. அதுவரை வந்த ரிகோ சிவில் தீர்ப்புகளில் தொழில்முறைக் குற்றவாளிகள் சம்பந்தப்பட்டவை 9 சதவீதம்தான் என்ற கணக்கைத் தீர்ப்பே பதிவுசெய்கிறது. நாடாளுமன்றம் நினைத்த பாதையில் இந்தச் சட்டம் போகவில்லை என்பதையும் நீதிபதி வைட் ஒப்புக்கொண்டார். ஆனாலும், சட்டம் பரந்து எழுதப்பட்டிருந்தால் அதைச் சுருக்க வேண்டியது எழுதியவர்களே என்று முடித்தார்.

எழுதியவர்கள் செய்தது சொற்பம். மும்மடங்கைப் பல வகை வழக்குகளில் ஒருமடங்காகக் குறைக்கும் மசோதா 1986-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் நின்றுபோனது. 1985 தீர்ப்பில் பெரும்பான்மையோடு இருந்த ரென்குவிஸ்ட், தலைமை நீதிபதியான பிறகு, 1989-ல் இந்த வழக்குகளை என் நீதிமன்றத்திலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்ற பொருளில் பத்திரிகைக் கட்டுரையே எழுதினார். பதவியில் இருக்கும் தலைமை நீதிபதி ஒரு சட்டத்தின் மீதான அலுப்பைப் பத்திரிகையில் கொட்டுவது அடிக்கடி நடப்பதில்லை. 1995-ல் பங்குச் சந்தை மோசடியை மட்டும் பெரும்பாலும் விலக்கினார்கள். அவ்வளவுதான்.

தொடர் குற்றம் என்றால் எத்தனை காலம் என்பது அடுத்த வேலி. மினசோட்டாவில் தொலைபேசிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணைய உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுத்ததாக நார்த்வெஸ்டர்ன் பெல் மீது வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கை, ஒரே திட்டம்தானே, தொடர் எங்கே என்று எட்டாம் வட்டாரம் தள்ளியது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. குற்றங்களுக்குள் தொடர்பும் தொடர்ச்சியும் இருந்தால் போதும். வழக்கு திரும்பப் போனது. மூன்று ஆண்டு கழித்து எட்டாம் வட்டாரம் வேறு காரணம் கண்டுபிடித்து அதே வழக்கை மறுபடியும் தள்ளியது: ஆணையம் அனுமதித்த கட்டணத்தை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதாம். லஞ்சம் கொடுத்து வாங்கிய கட்டணமாக இருந்தாலும்! நியூயார்க்கிலோ, ஏற்கெனவே நடந்து முடிந்த மோசடி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக நீடித்திருந்தால் தொடர்ச்சியை நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். இரண்டு ஆண்டு என்ற எண்ணும் சட்டத்தில் கிடையாது.

இன்று எல்லாரும் முட்டிக்கொள்ளும் வேலி, ‘காரணமாக’ என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இதற்கு உச்ச நீதிமன்றமும் பொறுப்பு. நியூயார்க்கில் இரண்டு இரும்புக் கடைகள். ரொக்கமாக வாங்குவோரிடம் ஒரு கடை விற்பனை வரி வசூலிக்காமல், அரசுக்குப் பொய்க் கணக்கு காட்டியது. வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய, நேர்மையாக வரி வாங்கிய கடைக்காரர் வழக்குப் போட்டார். 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஏமாந்தது மாநில அரசு, நீங்கள் இல்லை. இரண்டே ஆண்டில், 2008-ல், சிகாகோவின் குக் கவுண்டியில் நடந்த வரி பாக்கிச் சொத்துகளின் ஏலம் பற்றிய வழக்கு. ஒருவருக்கு ஓர் ஏலக் கேள்வி என்ற விதியை மீறி, ஆள் வைத்துப் பல முறை ஏலம் கேட்டுப் பங்கை அள்ளினார்கள். அப்படிச் செய்யவில்லை என்று கவுண்டியிடம் பொய்ப் பத்திரமும் கொடுத்தார்கள். பொய் சொல்லப்பட்டது கவுண்டியிடம், நஷ்டப்பட்டவர்கள் மற்ற ஏலதாரர்கள். இந்த முறை ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வழக்குச் செல்லும் என்றார்கள்! ஏலத்தில் ஒருவர் கூடுதலாக எடுத்தால் மற்றவருக்குக் குறைவது கண்கூடு, இரும்புக் கடை மாறுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று இரண்டையும் பொருத்திச் சொல்லிவிடலாம். வழக்கறிஞர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மருந்துச் சீட்டு எந்தக் கட்சி? பாஸ்டன் ஏலத்தோடு சேர்த்தது, சிகாகோ இரும்புக் கடையோடு சேர்த்தது.

2025 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இந்தச் சண்டையை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. விபத்தில் அடிபட்ட ஒரு லாரி ஓட்டுநர், 2012-ல், வலிக்கு இயற்கை மருந்து தேடினார். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, ஆனால் போதை தரும் டிஎச்சி துளியும் இல்லாத எண்ணெய் என்று விளம்பரம் பார்த்து வாங்கினார். சில வாரத்தில் வேலை செய்யும் இடத்தில் வழக்கமான திடீர்ப் போதைப் பரிசோதனை. அவர் உடலில் டிஎச்சி இருந்தது. போதை மறுவாழ்வுத் திட்டத்தில் சேரச் சொன்னார்கள். சேர்ந்தால் குற்றத்தை ஏற்றதாகிவிடும் என்று மறுத்தார். வேலை போனது. அதே எண்ணெயில் இன்னொரு பாட்டில் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதில் டிஎச்சி இருந்தது உறுதியானது. மெடிக்கல் மரிஜுவானா என்ற அந்த நிறுவனத்தின் மீது ரிகோ வழக்கு.

தனிமனித உடல் பாதிப்புக்கு ரிகோவில் இழப்பீடு இல்லை. தெரியாமல் போதைப்பொருளை விழுங்கியது உடல் பாதிப்பு. வேலை இழப்பு அதிலிருந்து வந்தது. எனவே அதற்கும் கிடையாது என்றது கம்பெனி. சிகாகோ, அட்லாண்டா, சின்சினாட்டியில் உள்ள வட்டாரங்கள் இந்த வாதத்தை ஏற்றவை. நியூயார்க்கும் சான்ஃபிரான்சிஸ்கோவும் ஏற்காதவை. உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஓட்டுநர் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பேரட் பழமைவாத அணியில் வைத்து எண்ணப்படுபவர். கோர்சச்சும் மூன்று தாராளவாத நீதிபதிகளும் அவரோடு. தொழிலிலும் சொத்திலும் நஷ்டம் இருக்கிறதா என்பதே கேள்வி, அந்த நஷ்டம் எந்த வகைப் பாதிப்பிலிருந்து வந்தது என்று சட்டம் கேட்கவில்லை என்றார். சாதாரண விபத்து வழக்குகள் எல்லாம் மும்மடங்கு வழக்காக மாறிவிடும் என்று நீதிபதி கவனா எதிர்த்தார். சம்பள வேலை என்பது ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் வருமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. நேரடித் தொடர்பு வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது என்றும் நினைவூட்டியது. கீழ் நீதிமன்றங்களுக்கு அது போதும். வேலி போட விரும்புகிறவர்கள் இனி அங்கேதான் போடுவார்கள்.

நீதிபதிகளின் எரிச்சலில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும். தண்டனை எதுவும் பெறாத ஒருவரைக் கும்பல் குற்றவாளி என்று மனுவில் எழுதிவிடலாம். அந்தப் பெயரோடு நாளிதழில் வர விரும்பாதவர்கள் சமரசம் பேசிப் பணம் கொடுக்கிறார்கள். அரசியல் வஞ்சம் தீர்க்கவும் இது உதவுகிறது: 2022-ல் டிரம்ப், ஹிலாரி கிளின்டன் உள்ளிட்டோர் மீது போட்ட ரிகோ வழக்கின் மனு 193 பக்கம். ஃபுளோரிடா நீதிபதி அதைத் தள்ளுபடி செய்ததோடு, டிரம்புக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். 2025 நவம்பரில் பதினோராம் வட்டாரம் அதை உறுதிசெய்தது. வெற்று வழக்குகளை அடக்கப் புதிய வேலி தேவையில்லை, இருக்கிற அபராத விதியே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. வேலி எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இல்லை. ஈக்வடாரின் லாகோ அக்ரியோ பகுதியில் எண்ணெய்க் கழிவால் மண்ணும் நீரும் கெட்டதற்கு அந்நாட்டு நீதிமன்றம் செவ்ரான் மீது விதித்த இழப்பீடு, மேல்முறையீட்டுக்குப் பின், 950 கோடி டாலர். ஊர் மக்களின் வழக்கறிஞர் ஸ்டீவன் டான்சிகர் மீது செவ்ரான் நியூயார்க்கில் ரிகோ போட்டது. விசாரணைக்கு முன் பணக் கோரிக்கையைக் கைவிட்டது. பணம் கேட்காததால் ஜூரி இல்லை, நீதிபதி கப்லான் ஒருவரே விசாரித்தார். ஈக்வடார் தீர்ப்பு லஞ்சத்தாலும் மோசடியாலும் பெறப்பட்டது என்று 2014-ல் தீர்ப்பளித்து, அதை வைத்துப் பலன் அடையத் தடை விதித்தார். 2016-ல் இரண்டாம் வட்டாரம் ஏற்றது. அவருடைய உண்மை முடிவுகளோடு நான் மோதப் போவதில்லை. ஆனால், தனியார் ஒருவர் ரிகோவில் பணம் தவிர்த்துத் தடையுத்தரவு கேட்க முடியுமா என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. முடியாது என்று ஒன்பதாம் வட்டாரம் 1986-லேயே சொல்லியிருந்தது. சட்டம் வெளிப்படையாகத் தரும் இழப்பீட்டைக் கேட்டுப் போன தொழிலாளர் நிதிகளுக்கு ஜூரியைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை; சட்டம் சொல்லாத நிவாரணத்தை எண்ணெய்க் கம்பெனி ஜூரி இல்லாமலே பெற்றது.

நாடாளுமன்றம் மனம் வைத்தால் இரண்டு பக்க வேலை. கம்பெனிகளுக்குள் நடக்கும் வணிகச் சண்டையில் மும்மடங்கை எடுத்துவிடலாம். குற்றத்தை ஒப்புக்கொண்ட அல்லது தண்டிக்கப்பட்ட நிறுவனத்தின் மீது வரும் வழக்கில், மோசடியின் இலக்காக இருந்த பணம் யாருடையதோ அவர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவரே என்று எழுதிவிடலாம். வாஷிங்டனில் இப்போது அதற்கு ஆள் இல்லை. வணிக அமைப்புகளுக்கு நீதிமன்ற வேலியே வசதி, வாதி வழக்கறிஞர்களுக்கு மும்மடங்கைத் தொடக் கூடாது.

இதில் இந்தியருக்கும் பங்கு உண்டு. கத்ரீனா புயலுக்குப் பின், எண்ணெய்க் கிணற்று மேடைகளைப் பழுது பார்க்க சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனம் இந்தியாவிலிருந்து 500 பேர் அளவில் வெல்டர்களையும் குழாய் பொருத்துநர்களையும் கொண்டுபோனது. குடும்பத்தோடு நிரந்தர வசிப்புரிமை என்று சொல்லித் தலைக்குப் பத்தாயிரம் டாலருக்குமேல் தரகர்கள் வாங்கினார்கள்; கையில் கிடைத்தது தற்காலிக விசா. மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் டெக்ஸாஸின் ஆரஞ்சிலும் ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை அடைத்து, தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 1,050 டாலரைச் சம்பளத்தில் பிடித்தார்கள். 2008-ல் வழக்கு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி, ஆள் கடத்தல், மோசடி, ரிகோ எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் கொடுத்தது. சில மாதத்தில் நிறுவனம் திவால் மனு போட, மற்றவர்களின் வழக்குகள் 2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன.

அடுத்த ஆண்டே, 2016-ல், உச்ச நீதிமன்றம் ஐரோப்பிய நாடுகள் ஆர்ஜேஆர் நபிஸ்கோ சிகரெட் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் 4-3 என்று புதிய நிபந்தனை வைத்தது: நஷ்டம் அமெரிக்க மண்ணில் ஏற்பட்டிருக்க வேண்டும். மும்பையின் அஷாபுரா மைன்கெம்மிடமிருந்து வர வேண்டிய பணம் மறைக்கப்பட்டது என்று ஒரு சிங்கப்பூர்க் கப்பல் நிறுவனம் போட்ட வழக்கை சிகாகோ 2018-ல் தள்ளியது. வாதி சிங்கப்பூர்வாசி, நஷ்டமும் சிங்கப்பூரில்தான். 2023-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அந்தக் கறார் விதியைத் தளர்த்தியது. கலிஃபோர்னியாவில் சொத்தை மறைத்த கடனாளி மீது மாஸ்கோவாசி ஒருவர் வழக்குப் போடலாம். மோசடி எங்கே நடந்தது, யாரைக் குறிவைத்தது என்று சூழலைப் பார்க்க வேண்டும் என்றது.

இன்று ஒரு வெல்டர் மும்பைத் தரகரிடம் கட்டிய பணம் எந்த நாட்டு நஷ்டம்? நிலத்தை விற்றது இங்கே, கடன் வாங்கியது இங்கே, ஏமாற்றும் திட்டத்தில் ஒரு பகுதி அங்கே. தரகர் கட்டணத்தை மட்டும் நம்பி மனு எழுதும் வழக்கறிஞர் முதல் சுற்றிலேயே தோற்கக்கூடும். சம்பளத்தில் பிடித்த மாதம் 1,050 டாலரை முதல் பத்தியில் எழுதுபவருக்கு வாய்ப்பு அதிகம். அந்தப் பிடித்தம் நடந்தது அமெரிக்க மண்ணில்.